இந்தக் குழாயை எப்போது எடுப்பீர்கள்?

அப்பாவின் வலப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு குழாய் 11 வாரம் இருந்தது. பேனா ரீஃபில் தடிமன்தான், 3 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். தோலைத் துளைத்து, கல்லீரல் வழியாகப் போய், அதன் ஒரு முனை பித்தப்பைக்குள் சுருண்டு கிடந்தது. மறுமுனையில், அழற்சி கண்ட பித்தப்பையிலிருந்து வடிவதைச் சேர்க்க ஒரு பை. தினமும் காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் நான் கையைக் கழுவிக்கொண்டு, குழாயில் இருந்த சின்னத் திருகைத் திருப்பி, சிரிஞ்சில் 10 மில்லி சலைனை மெதுவாக உள்ளே செலுத்துவேன். உள்ளே தள்ள வேண்டும், இழுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். சலைன் உள்ளே போகும்போது அப்பா கண்ணை மூடிக்கொள்வார். வலிக்கிறதா என்று கேட்டால், "வலி இல்லம்மா, உள்ளுக்குள்ள ஜில்லுனு ஒண்ணு போகுது" என்பார். அதற்கு அடுத்து எப்போதும் ஒரே கேள்விதான். "இதை எப்பம்மா எடுப்பாங்க?"

என்னிடம் பதில் இல்லை. டிஸ்சார்ஜ் காகிதத்திலும் இல்லை.

அப்பாவுக்கு 82 வயது. இதயம் பலவீனம். ஒவ்வொரு துடிப்பிலும் இதய அறையில் நிறைந்திருக்கும் ரத்தத்தில் 25 சதவீதம்தான் வெளியேறுகிறது என்று எக்கோவில் எழுதியிருந்தார்கள். துடிப்பும் ஒழுங்கில்லை. அதற்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. சிறுநீரகமும் பாதி வேகத்தில்தான். கம்பை ஊன்றி நடப்பார், குளிக்க ஆள் துணை வேண்டும். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பித்தப்பை அழற்சிக்கு எந்தச் சிகிச்சை என்பதைப் பித்தப்பை மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தப் பித்தப்பையைச் சுமக்கும் உடம்புதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

தொடக்கத்தில் வலி என்று அவர் சொல்லவே இல்லை. ஒரு சனிக்கிழமை சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். ஞாயிறு காலை சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல், ஒரே பொத்தானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறந்துபோன தம்பியை எங்கே என்று கேட்டார். தெர்மாமீட்டரில் காய்ச்சல் இல்லை. மூளையில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே இளம் டாக்டர் ஒருவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். வலப்பக்கம் கை வைத்ததும் அப்பாவின் முகம் சுருங்கியது. அவ்வளவுதான் அறிகுறி. ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏறியிருந்தன. அல்ட்ராசவுண்டில் பித்தப்பைச் சுவர் தடித்து, சுற்றிலும் நீர் கோத்து, பித்தப்பையின் கழுத்துப் பகுதியில் ஒரு கல் சிக்கியிருந்தது. வயதானவர்களுக்கு இந்த நோய் இப்படிக் காய்ச்சலும் வலியும் பெரிதாக இல்லாமல், வெறும் குழப்பமாகவும் சோர்வாகவும் வருவது உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. உங்கள் வீட்டில் பெரியவர் ஒருவர் திடீரென்று சாப்பாட்டை நிறுத்தி, பேச்சும் தடுமாறினால், தயவுசெய்து வயிற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பித்தப்பை சின்ன உறுப்பு. 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளம், 30 முதல் 50 மில்லி வரை கொள்ளும். கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்துவைத்து, நாம் சாப்பிடும்போது பிழிந்து விடுவது அதன் வேலை. அது வெளியேற இருப்பது ஒரே ஒரு குறுகிய நாளம். அதன் வாயில் கல் போய் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும், சுவர் வீங்கும், ரத்த ஓட்டம் குறையும், கிருமி சேரும். விட்டுவிட்டால் சுவர் அழுகி ஓட்டை விழலாம். பித்தப்பை அழற்சியில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் காரணம் கல்தான். மற்றவர்களுக்குக் கல் இல்லாமலே வரும், பெரும்பாலும் ஐசியுவில் நாள்கணக்கில் கிடப்பவர்களுக்கு.

இதற்கு முறையான தீர்வு பித்தப்பையை எடுத்துவிடுவது. பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் 1882-ல் முதன்முதலாக அதைச் செய்தார். 1985-ல் எரிக் மூஹே லேப்ராஸ்கோப்பி வழியாக, அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் மட்டும் போட்டு, செய்துகாட்டினார். இன்று அது அன்றாடம் நடக்கும் ஆபரேஷன். ஆனால் அன்றிரவு சர்ஜன் எங்களை வெளியே கூட்டிக்கொண்டுபோய் நிதானமாகச் சொன்னார். "பித்தப்பையை என்னால எடுக்க முடியும். மயக்க மருந்தை அவர் இதயம் தாங்கி, திரும்ப எழுந்து நடப்பாரான்னு கேட்டா, எனக்கு நம்பிக்கை இல்லை." அந்த நேர்மைக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வயது மட்டும் ஆபரேஷனைத் தவிர்க்கக் காரணம் ஆகாது. நெதர்லாந்தில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. ஆபத்து அதிகம் என்று கருதப்பட்ட நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப்பேருக்கு லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்தார்கள், பாதிப்பேருக்கு வெளியிலிருந்து குழாய் போட்டார்கள். பெரிய சிக்கல்கள் ஆபரேஷன் செய்தவர்களில் 12 சதவீதம், குழாய் போட்டவர்களில் 65 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஆனால் உடல்நிலை மிக மிக மோசமானவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. எனவே 80 வயது என்றதும் "ஆபரேஷன் வேண்டாம், குழாய் போடுங்கள்" என்று நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. சொந்தக் காலில் நடமாடும், இதயமும் நுரையீரலும் தெம்பாக இருக்கும் 85 வயதுக்காரருக்கு ஆபரேஷன்தான் நல்ல வழியாக இருக்கலாம். அப்பா அந்தக் கூட்டத்தில் இல்லை. டாக்டர்கள் முதுமைத் தளர்ச்சியை 1 முதல் 9 வரை அளக்கும் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள், எண் கூடக் கூடத் தளர்ச்சி அதிகம். அதில் அவருக்கு 6 போட்டிருந்தார்கள், அதுவும் நோய் வருவதற்கு முந்தைய நிலைக்கு.

மறுநாள் காலை குழாய் போட்டார்கள். இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே ஊசியைச் செலுத்தி, கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். பையில் கறுப்பும் பச்சையுமாகச் சீழ் கலந்த நீர் இறங்கியது. மூன்றாம் நாள் அப்பா கண்ணாடியைத் தேடி, என்ன கிழமை என்று கேட்டார். அந்தக் குழாய் அவர் உயிரைக் காப்பாற்றியது, அதில் எனக்கு ஒரு துளியும் சந்தேகம் இல்லை. என் வருத்தமெல்லாம் அதற்கு அப்புறம் நடந்தது பற்றித்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது குழாயை எப்படிச் சுத்தம் செய்வது, கட்டு எப்படி மாற்றுவது என்றெல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்து என்ன என்பது மட்டும் எழுதப்படவில்லை. ஆபரேஷன் செய்ய முடியாதவருக்கு, ஆபரேஷன் வரைக்குமான தற்காலிகப் பாலமாகக் குழாய் போட்டால், அந்தப் பாலம் எங்கே போய் முடியும்? யாரும் அதைக் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கேட்கத் தெரியவில்லை.

குழாயோடு வாழ்வது என்னவென்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அப்பா வாழ்நாள் முழுக்க வலப்பக்கம் ஒருக்களித்துத் தூங்கியவர். இனி மல்லாந்துதான். குழாயைத் தோலோடு பிடித்திருந்த தையலைச் சுற்றி எப்போதும் சிவந்து, ஈரமாக, அரித்துக்கொண்டே இருக்கும். பையை மறைக்க வேட்டிக்கு மேல் ஒரு துண்டு. யாராவது பார்க்க வந்தால் துண்டைச் சரிசெய்துகொண்டே பேசுவார். கொஞ்ச நாளில், யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 23-ஆம் நாள் இரவு தூக்கத்தில் புரண்டு, குழாயைப் பாதி உருவிவிட்டார். விடியும்வரை அந்த இடத்தைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காலையில் மருத்துவமனை, மறுபடி ஊசி, மறுபடி குழாய், மறுபடி ரத்த மாத்திரையை நிறுத்தி ஆரம்பிக்கும் கவலை.

நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். தேதி, எத்தனை மில்லி வந்தது, என்ன நிறம். அந்த நோட்டுதான் பின்னால் பெரிய உதவி செய்தது. முதல் வாரத்துக்குப் பிறகு பையில் வந்தது பித்தநீர் மாதிரியே இல்லை. நிறமில்லாமல், முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பாக, நாளுக்கு 20, 30 மில்லி. நிறம் தெளிந்துவிட்டதே, குணமாகிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். ஒன்பதாவது வாரம் வேறொரு மருத்துவமனையில், குடல் நோய் நிபுணர் ஒருவர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பித்தநீர் பித்தப்பைக்குள்ள வரவே இல்லைம்மா. இது பித்தப்பைச் சுவரே சுரக்கிற சளி. கல்லு இன்னும் வழியை அடைச்சுக்கிட்டுத்தான் இருக்கு." குழாய் வழியாகச் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். சாயம் பித்தப்பையை நிரப்பி, கழுத்தில் வந்து வெட்டினாற்போல் நின்றது. ஒரு சொட்டுக்கூடத் தாண்டவில்லை. இந்த நிலையில் குழாயை எடுத்தால் சளி தேங்கி, அழற்சி திரும்ப வர எல்லா வாய்ப்பும் உண்டு. எடுக்காவிட்டால் ஆயுள் முழுக்கப் பை.

அப்போதுதான் அவர், உள்ளுக்குள்ளேயே வடிகால் அமைக்கும் முறையைப் பற்றிச் சொன்னார். எண்டோஸ்கோப்பியில், அதாவது வாய் வழியாக விடும் கேமராக் குழாயைக் கொண்டு, இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஈஆர்சிபி. வாய் வழியாகப் போய், பித்தநாளம் குடலில் திறக்கும் இடத்திலிருந்து மேலேறி, பித்தப்பையின் நாளத்துக்குள் மெல்லிய கம்பியை நுழைத்து, வழி அடைபடாமல் திறந்துவைக்கும் சின்னக் குழாயான ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட்டை வைப்பது. எந்தச் சுவரையும் துளைக்க வேண்டியதில்லை என்பதால் ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கும், வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும், பின்னால் ஆபரேஷன் செய்யப்போகிறவர்களுக்கும் இதை விரும்புவார்கள். ஆனால் அந்த நாளம் குறுகலானது, உள்ளே திருகுபோல மடிப்புகள். கல்லும் அடைத்திருந்தால் கம்பி நுழையாமலே போகலாம். கணைய அழற்சி வரும் அபாயமும் உண்டு.

இன்னொன்று எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட். இதன் யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. இரைப்பையைத் தாண்டியதும் வரும் சிறுகுடலின் முதல் பகுதி, பித்தப்பைக்குப் பக்கத்திலேயே, அநேகமாக உரசிக்கொண்டே இருக்கிறது. இடையில் சில மில்லிமீட்டர் சுவர்தான். எண்டோஸ்கோப்பின் நுனியில் இருக்கும் அல்ட்ராசவுண்ட் அந்தச் சுவருக்கு அப்பால் இருக்கும் பித்தப்பையைக் காட்டும், குறுக்கே ரத்தக்குழாய் போகிறதா என்றும் காட்டும். இல்லாத இடமாகப் பார்த்துத் துளைத்து, இரண்டையும் இணைக்கும் ஒரு ஸ்டென்ட்டை வைத்துவிடுவார்கள். அந்த ஸ்டென்ட்டின் படத்தைக் காட்டினார். உடுக்கை மாதிரி, இரண்டு பக்கமும் விரிந்து நடுவில் ஒடுங்கியிருந்தது. கம்பி வலை, மேலே மெல்லிய உறை. ஒரு விரிவு பித்தப்பைக்குள், மறு விரிவு குடலுக்குள். இரண்டும் சேர்ந்து இரு சுவர்களையும் விலகவிடாமல் பிடித்துக்கொள்ளும். நடுவே 10 அல்லது 15 மில்லிமீட்டர் அகலத் துவாரம். அடைத்த நாளத்தை அப்படியே விட்டுவிட்டுப் பித்தப்பைக்கு வேறொரு வாசல் வைப்பதுதான் இது.

எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் மூலம் அழற்சி கண்ட பித்தப்பையை வடித்த முதல் அனுபவங்கள் 2007-ல் வெளியாயின. அப்போது இந்த உடுக்கை ஸ்டென்ட் புழக்கத்துக்கு வரவில்லை. அது வந்த பிறகுதான் கசிவும் இடம் நகர்வதும் குறைந்து, இந்தச் சிகிச்சை நிலைகொண்டது. ஹாங்காங்கின் ஆந்தனி டியோ தலைமையில் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து, ஆபரேஷன் தாங்காத 80 நோயாளிகளை வைத்து நேரடியாக ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2020-ல் வந்தது. ஓராண்டுக்குள் ஏதாவது சிக்கல் வந்தவர்கள், வெளிக்குழாய் போட்டவர்களில் 77.5 சதவீதம், உள்ளே ஸ்டென்ட் வைத்தவர்களில் 25.6 சதவீதம். அழற்சி திரும்ப வந்தது வெளிக்குழாய்ப் பக்கம் 20 சதவீதம், ஸ்டென்ட் பக்கம் 2.6. சிகிச்சை பலித்த அளவிலும், முதல் 30 நாள் இறப்பிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது அந்த இரவைத் தாண்ட இரண்டுமே உதவும், மாதங்களைத் தாண்டுவதில்தான் வித்தியாசம். அந்தக் கட்டுரையின் அட்டவணையைப் பார்த்தபோது எனக்கு எங்கள் வீட்டின் 23-ஆம் நாள் இரவுதான் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமைப்பான எஃப்டிஏ 2023-ல்தான் இப்படிப்பட்ட ஒரு ஸ்டென்ட்டைப் பித்தப்பைக்குப் பயன்படுத்த அனுமதித்தது. எனவே எல்லா மருத்துவமனைகளிலும் இது இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கருவி இருந்தால் மட்டும் போதாது, அடிக்கடி செய்து கைப்பழக்கம் உள்ளவர் வேண்டும்.

டாக்டர் ஆபத்துகளையும் ஒளிக்கவில்லை. ஸ்டென்ட்டின் ஒரு பக்கம் சரியான இடத்தில் விரியாவிட்டால் பித்தநீரும் சீழும் வயிற்றறைக்குள் கசியும், அது அவசரநிலை. ரத்தம் கசியலாம். பிற்காலத்தில் உணவுத் துணுக்கோ கல்லோ போய் அடைக்கலாம், ஸ்டென்ட் சுவருக்குள் புதையலாம். குடலுக்கும் பித்தப்பைக்கும் இடையே நிரந்தரமான வழி விழுந்துவிடுவதால், பின்னால் பித்தப்பையை எடுப்பது சிக்கலாகும். "அதனால, என்னைக்காவது ஆபரேஷன் பண்ணலாம்னு நினைக்கிறவங்களுக்கு நான் இதை முதல்ல சொல்ல மாட்டேன். உங்க அப்பாவுக்கு அந்தக் கதவு மூடிட்டதா சர்ஜனும் இதய டாக்டரும் எழுதிக் கொடுக்கட்டும், அப்புறம் செய்யறேன்" என்றார். இரண்டு பேரிடமும் வாங்கிக் கொடுத்தோம். வயிற்றில் நீர் அதிகம் கோத்திருந்தாலோ பித்தப்பை ஏற்கெனவே வெடித்திருந்தாலோ இது சரிப்படாது என்றும் சொன்னார். மயக்கம் இல்லாமல் நடக்கும் என்று நான் நினைத்திருந்தது தவறு. ஆழ்ந்த மயக்கம் தேவை, மயக்க மருந்து டாக்டர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆனால் வயிற்றில் காற்றை நிரப்பி ஆபரேஷன் செய்வதைவிட இதயத்துக்குச் சுமை குறைவு.

அன்றைக்கு நடந்ததில் ஒரு விஷயம் என் மனதை விட்டுப் போகவே இல்லை. வடிந்து சுருங்கிய பித்தப்பையைத் துளைப்பது கடினம், ஊசிக்கு முன்னால் வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே, 11 வாரமாக நான் தினம் இருவேளை சலைன் செலுத்திய அதே குழாய் வழியாக, அதே திருகைத் திருப்பி, சலைனை நிறைய ஏற்றிப் பித்தப்பையை உப்பவைத்திருக்கிறார்கள். திரையில் கறுப்பாக, உருண்டையாக அது விரிந்ததும் உள்ளிருந்து துளைத்திருக்கிறார்கள். அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். வெளியே வந்த டாக்டர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். சிறுகுடலின் இளஞ்சிவப்புச் சுவரில் வெள்ளையாய் ஒரு பூ மலர்ந்ததுபோல் ஸ்டென்ட்டின் வாய், அதிலிருந்து கலங்கலான நீர் வழிந்துகொண்டிருந்தது.

வெளிக்குழாயை உடனே எடுக்கவில்லை. மூடிவைத்துவிட்டு, காய்ச்சலோ வலியோ வருகிறதா என்று பார்த்தார்கள். நான்காம் நாள் சாயம் செலுத்திப் படமெடுத்தபோது அது தடையில்லாமல் குடலுக்குள் இறங்கியது. தையலை வெட்டி, சுருளை நிமிர்த்தி, குழாயை உருவினார் ஒரு நர்ஸ். பத்து விநாடிகூட ஆகவில்லை. அப்பா குனிந்து அந்தச் சின்னத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா?" என்றார். அன்றிரவு நான் விளக்கை அணைக்கப் போனபோது வலப்பக்கம் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது அவசரத்தில் பித்தப்பைக் குழாய் போட வேண்டி வந்தால், போடட்டும், தயங்காதீர்கள். ஆனால் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்பே கேளுங்கள்: இதை எப்போது எடுப்பீர்கள், எடுப்பதற்கு முன் எந்தச் சோதனை செய்வீர்கள், வழி திறக்காவிட்டால் அடுத்து என்ன? ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாமா, எப்போதுமே வேண்டாமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். இரண்டுக்கும் போகும் பாதை வேறு வேறு. அந்த மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி வழியாக வடிகால் அமைப்பவர் இல்லையென்றால், யாரிடம் அனுப்புவார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பையில் வருவதன் அளவையும் நிறத்தையும் குறித்துவையுங்கள். ஒன்பது வாரம் நான் கேட்காமல் இருந்த கேள்விகள் இவை.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. அப்பாவின் ஸ்டென்ட்டை எடுத்துவிட்டு, இரு நுனியும் சுருண்ட சின்ன பிளாஸ்டிக் குழாய்களை வைப்பதா, அப்படியே விட்டுவிடுவதா என்று டாக்டர் எங்களோடு உட்கார்ந்து பேசினார். மாற்றுவதற்கு இன்னொரு முறை மயக்கம் கொடுக்க வேண்டும். அப்பாவையே கேட்டார். "தொந்தரவு பண்ணலைன்னா இருந்துட்டுப் போகட்டும் டாக்டர்" என்றார் அப்பா. அப்படியே விட்டிருக்கிறோம். அவர் சட்டைப்பையில் ஒரு மடித்த காகிதம் இருக்கிறது. பித்தப்பைக்கும் சிறுகுடலுக்கும் இடையே உலோக ஸ்டென்ட், வைத்த தேதி, அதன் அளவு, சாப்பிடும் மாத்திரைகள். சட்டை மாற்றும்போதெல்லாம் முதலில் அதை எடுத்து அடுத்த சட்டையில் வைத்துவிட்டு, அப்புறம்தான் பொத்தான்களைப் போடத் தொடங்குகிறார்.